மாமாவின் நாற்காலிக்கு அடியில் ஒரு மஞ்சள் கறை

அறிவியல் வாத்தியார் வீட்டில் ஒரு பல்லி செத்துக் கிடந்தாலும் அது சும்மா செத்திருக்க முடியாது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் கிடைக்காவிட்டால், வாத்தியாருக்கு இருக்கவே இருக்கிறது ஊகம். உலகத்திலேயே ஆபத்தான பிராணி எது என்று கேட்டால் நான் பாம்பைச் சொல்ல மாட்டேன். லீவு நாளில் வீட்டில் சும்மா இருக்கும் அறிவியல் வாத்தியாரைத்தான் சொல்வேன். நான் அந்தப் பிராணியாகவே சில வருடங்கள் வாழ்ந்தவன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம். என் மனைவி மல்லிகா ஆறு மாதக் கர்ப்பம். முதல் பிரசவத்துக்குப் பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் மல்லிகாவுக்கு அம்மா இல்லை. சர்க்கரை வியாதியை யாரிடமும் சொல்லாமல் மறைத்து மறைத்தே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு, மல்லிகா கல்லூரியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் தாய் வீட்டுக்குப் பெண் போகாமல், தாய் வீடே கிளம்பிப் பெண்ணிடம் வந்தது. அதாவது, விழுப்புரத்திலிருந்து என் மாமனார் ஒரு தோல்பையும் ஒரு டிரான்சிஸ்டருமாக வந்து இறங்கினார்.

மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டைத் தவிர வேறு எதையும் யாருக்கும் நீட்டாத மனிதர். கை நீட்டி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காலையில் வாரி வைத்த தலைமுடி சாயங்காலம் வரை கலையாது. அவர் எதிரில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததே இல்லை. (அவர் எதிரில் இல்லாதபோதும் இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் போடுவேன்.)

அவருக்கு முழங்கால் வலி. எங்கள் வீட்டுத் தரையோ பழைய சிமெண்ட் தரை. அங்கங்கே பெயர்ந்து, மார்கழியில் கால் வைத்தால் உச்சந்தலை வரை ஜில்லென்று ஏறும். மாமா வருகிறார் என்றதும் நான் பாண்டிச்சேரிக்குப் போய், தேக்குமரப் பலகை போலவே அச்சடித்த வினைல் ஷீட்டைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்து வீடு முழுக்க விரித்துவிட்டேன். பார்க்கிறவர்கள் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "நெசமாவே மரமா சார்?" என்று கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடம் அவர்களை நம்ப விட்டுவிட்டுத்தான் சொல்வேன். அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஜமீன்தார்.

ஷீட்டு வழுக்கி மாமா விழுந்துவிடக் கூடாதே என்று, அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளையும் கூடவே வாங்கினேன். மாமாவின் நாற்காலிக்கு முன்னால் ஒன்று. நான் பரீட்சைப் பேப்பர் திருத்தும் மேஜைக்கு அடியில், கால் வைத்துக்கொள்ள ஒன்று. வழுக்குகிறதா என்றால், நூலளவுகூட நகராது. அறிவியல்பூர்வமான ஏற்பாடு.

போகிக்கு முந்தின நாள். வீடு சுத்தம் செய்துகொண்டிருந்தோம். மாமா வழக்கம்போலக் காலை நடைக்குப் போயிருந்தார். மல்லிகா குனியக் கூடாது என்பதால் துடைக்கும் வேலை என்னுடையது. மாமாவின் நாற்காலியை நகர்த்தினேன். தரையில் மஞ்சளாக ஒரு கறை. நாற்காலிக்கு முன்னால் ஒரு முறம் அகலத்துக்கு, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல், கலங்கிப்போய்ப் பரவியிருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அந்த இடத்தில் எந்த சாதாரண மனிதனும், "சரி, கறை பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு அதன்மேல் மிதியடியைப் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லையே.

முதலில் மஞ்சள் தூளைச் சந்தேகப்பட்டேன். குழம்பு சிந்தியிருக்கலாம். ஆனால் மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். ஒன்பதாம் வகுப்பில் நானே செய்துகாட்டும் சோதனை அது. இங்கே சிவக்கவில்லை. எனவே குழம்பு நிரபராதி. வெயில் பட்டு மஞ்சளாகியிருக்குமோ என்றால், மிதியடிக்கு அடியில் வெயில் எங்கிருந்து வரும்? ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், கீழேயிருந்து ஓதம் ஏறுகிறதா என்று. சிமெண்ட் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. டீயாக இருந்தால் பிசுபிசுக்கும், எறும்பு வரும். இது வழவழவென்று இருந்தது.

அப்புறம்தான் எனக்குள் அந்த விளக்கு எரிந்தது. (அது எரியாமலே இருந்திருக்கலாம்.)

மாமா தினமும் விடிந்ததும் அந்த மிதியடியை எடுத்துக்கொண்டு போய், தானே அலசி, கொல்லைப்பக்கக் கொடியில் காயப்போடுவார். நாங்கள் கேட்டால், "தூசும்மா" என்பார். ஏன் தினமும் தூசு? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாமா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மோர்கூட வேண்டாம் என்றார். ஏன்? சில நாளாக முகம் வேறு வாடியிருந்தது. கறை மஞ்சள். இடம் நாற்காலிக்குக் கீழே. ஆள் யாரிடமும் எதையும் சொல்லாத ஆள்.

நான் மெதுவாக எழுந்து நின்றேன். கையில் ஈரத்துணி. இன்றைக்குச் சிரித்தாலும், அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். மாமாவுக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தானே சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். அத்தையும் இப்படித்தான் மறைத்தார்.

ஆனாலும் விஞ்ஞானி ஆதாரமில்லாமல் பேசக் கூடாது. மறுநாள் லீவானாலும் காலையிலேயே பள்ளிக்குப் போய், ஆய்வுக்கூடத்திலிருந்து நீல லிட்மஸ் தாள், சிவப்பு லிட்மஸ் தாள் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, கறையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தாளை வைத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அதாவது ஒன்றுமில்லை. இதற்கு என் மூளை கொடுத்த விளக்கத்தைக் கேளுங்கள்: புதிய சிறுநீர் அமிலம், நாள்பட்டது காரம், இரண்டும் ஒரே இடத்தில் கலந்தால் நடுநிலை! ஒரு முறை நடந்திருந்தால் தாள் நிறம் மாறியிருக்கும். மாறவில்லை என்றால் அடிக்கடி நடக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரு விடையை எந்தப் பையனாவது பரீட்சையில் எழுதியிருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன்.

மிச்சமிருந்தது ஒரே சோதனை. இரண்டு கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, மூக்கைக் கறைமேல் வைத்து, ஆழமாக ஒரு முறை இழுத்தேன்.

"மாப்ள, இன்னா பண்றீங்க?"

தலையைத் திருப்பினேன். மாமா துண்டோடு நின்றிருந்தார். குளித்த தண்ணீர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எறும்பு மாமா."

"எறும்பா?"

"ஆமாங்க மாமா. எங்கருந்து வருதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

மாமா குனிந்து பார்த்தார். எறும்பு ஒன்றுகூட இல்லை. "மோந்து பாத்தா தெரியுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் மல்லிகாவைச் சமையலறையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. "எங்கப்பாவா? சும்மா எதனா உளறாதீங்க" என்றாள். நான் தண்ணீர் நிறுத்தியதைச் சொன்னேன். மிதியடி துவைப்பதைச் சொன்னேன். லிட்மஸ் தாளைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கம்மாவும் இப்பிடித்தாங்க. கேட்டா ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே சொல்லிக்கினு இருந்தாங்க. கடைசியில ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிக்கினு போம்போது எல்லாம் முடிஞ்சிப்போச்சு. ஏங்க, எப்பிடியாவது அப்பாவ டாக்டருகிட்ட காட்டிடுங்க. நேரா கேட்டுடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு."

அவர் மனம் நோகாமல், விஷயம் வெளியே தெரியாமல், பக்குவமாக முடித்துவிட்டு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மாமாவுக்குத் திண்டிவனத்து டாக்டர் யாரையும் பிடிக்காது. விழுப்புரத்தில்தான் அவர் வழக்கமாகக் காட்டும் டாக்டர் இருந்தார். "முழங்கால காட்டிட்டு, சும்மா எல்லா டெஸ்ட்டும் ஒரு தடவ எடுத்துக்கினு வந்துடலாம் மாமா" என்றேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மல்லிகா கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க மாப்ள, போலாம்" என்று, ஒருவேளை தங்க வேண்டியிருந்தால் இருக்கட்டுமென்று தோல்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். பொங்கல் முடிந்த மறுவாரம் என்பதால் கரும்பு தின்று பல் போனவர்களைத் தவிர மற்ற எல்லா நோயாளிகளும் அங்கேதான் இருந்தார்கள். மாமா உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "வாய்யா கார்டு! எப்ப வந்த?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவோடு வேலை பார்த்த ஜெயராமன் என்ற டிரைவர். பக்கத்தில் அவர் மனைவி, மருமகள். மாமாவின் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. "இவருதாம்ப்பா நம்ம மாப்ள. சயின்ஸ் வாத்தியாரு. என்னைய உள்ளங்கையில வெச்சிப் பாத்துக்கினு இருக்காரு" என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் வணக்கம் வைத்துவிட்டு டோக்கன் போடும் மேஜைக்கு நழுவினேன்.

அங்கே ஒரு சின்னப் பெண் இருந்தது. கணீரென்ற குரல். நான் மேஜைமேல் சாய்ந்து, முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, "பெரியவருக்குக் கொஞ்சம் அடக்க முடியல போலம்மா. வூட்ல தரையிலயே... ஆனா அவரு சொல்ல மாட்டாரு. நீங்களா பாத்து டாக்டருகிட்ட சொல்லிடுங்க. ரகசியமா இருக்கட்டும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றது. சிரித்த முகம். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். ஜெயராமன் ஏதோ பழைய ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பெண் எழுந்து நின்று கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டது.

"தரையிலயே ஒண்ணுக்குப் போற பெரியவர் யாருங்க? மொதல்ல யூரின் குடுத்துட்டு வாங்க!"

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதுவும் நிறுத்திவிட்டது. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். ஜெயராமன், "யாரு பாவம்..." என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்கதான சொன்னீங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கை காட்டியது. "உங்க பெரியவர் எங்க சார்?"

மொத்தக் கூடமும் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே என் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்கிற பார்வை. பிறகு எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, நேராக நடந்து போய்க் கையை நீட்டினார்.

"நாந்தாம்மா. குடு."

அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். என்னைப் பொய்யனாக்கிவிடக் கூடாது என்பதற்காக அவர் அதைச் செய்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்கள். விழுப்புரம் கெட்டித் தரை. பிளக்கவில்லை.

ரிப்போர்ட் வர மத்தியானம் ஆனது. டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். மாமாவைப் படுக்க வைத்துப் பார்த்தார். ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சுகர் இல்ல. கிட்னி நல்லா இருக்கு. புரொஸ்டேட் இந்த வயசுக்கு இப்பிடி இருக்கிறது அதிசயம். முழங்கால் தேய்மானம் மட்டும்தான். யாருங்க இவருக்கு யூரின் கன்ட்ரோல் இல்லன்னு சொன்னது?"

எனக்கு அந்த நிமிடம் அவமானம், வெட்கம் எதுவும் தெரியவில்லை. மாமாவுக்கு ஒன்றும் இல்லை! வெளியே ஓடி வந்து மல்லிகாவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்ல மல்லிகா, எல்லாமே நார்மல்" என்றதும் அந்தப் பக்கம் அவள் விட்ட பெருமூச்சு என் காதில் காற்று போல அடித்தது. பிறகு சிரிப்பும் அழுகையுமாக ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, இப்ப சொல்லுங்க. இன்னா இது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கறை, மிதியடி, தண்ணீர், லிட்மஸ் தாள், டோக்கன் பெண்ணிடம் ரகசியமாகச் சொன்னது. அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "அன்னிக்கி எறும்பு பாத்துக்கினு இருந்தது இதுக்குத்தானா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மிதியடிய நான் தொவைக்கலன்னா மல்லிகா குனிஞ்சி எட்த்து தொவைக்கும். வாக்கிங் போய்ட்டு வந்தா காலெல்லாம் புழுதி. அதான். தண்ணி குடிக்காததுக்கு... பாத்ரூமுக்குப் போவணும்னா உங்க ரூம் வாசலத் தாண்டித்தான போவணும். பொண்ணு வயித்துப் புள்ளைக்காரி. தூக்கம் கெடக் கூடாதேன்னு பாத்தேன்."

நான் ரிப்போர்ட் கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் இன்னிக்கி நம்ம வூட்லயே தங்கிக்கிறேன் மாப்ள. நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போய்டப் போவுது."

"மாமா, மல்லிகா..."

"ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே. அப்பறம் இன்னா? தனியா இருந்துக்கலாம்." தோல்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். முழங்கால் வலியிலும் முதுகு வளையவில்லை.

திண்டிவனம் வந்து சேர்ந்தபோது மல்லிகா வாசலில் பாயசத்தோடு நின்றிருந்தாள். நான் மட்டும் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவள் நீட்டிய டம்ளர் தாழ்ந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடந்ததை நான் பாதிதான் சொன்னேன். மீதியை அவளே கேட்டு வாங்கினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பாயசத்தைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, என் மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்லாத வூட்ல, இவரு ஒருத்தரு இருந்தாருன்னு ஒரு தெம்பு இருந்துது. அவரையும் வெரட்டி வுட்டுட்டு வந்து நிக்கிறீங்க. அந்தப் பாழாப்போன கறை இன்னா கறைன்னு கடைசி வரைக்கும் தெரியல. தெரிஞ்சிதா?"

"இல்ல."

அவள் கோபத்தில் காலை உதைத்தாள். மேஜைக்கடியில் இருந்த மிதியடியின் ஓரம் பிய்ந்துகொண்டு மடங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க. இங்க வாங்க."

போனேன். மிதியடிக்கு அடியில் என் தேக்குத் தரை மஞ்சளாகியிருந்தது. அதே மஞ்சள். ஆனால் இது கலங்கலாக இல்லை. நெருக்க நெருக்கமாக, சதுரம் சதுரமாக, கோலப்புள்ளி வைத்தது போலத் தெளிவாக இருந்தது. மல்லிகா மிதியடியைத் திருப்பினாள். அதன் ரப்பர் அடிப்பாகத்தில் அதே கட்டங்கள்.

"சயின்ஸ் வாத்தியாரே," என்றாள் நிதானமாக, "மூத்திரம் கட்டம் கட்டமாவா போவும்?"

மாமாவின் மிதியடியைத் தினமும் எடுத்துத் துவைத்து, தினமும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டதால் அங்கே கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிப் போயிருக்கின்றன. என்னுடையதை யார் துவைத்தார்கள்? வாங்கின நாளிலிருந்து அசையாமல் கிடந்து அச்சு பதித்துவிட்டது. நான் பாய்ந்துபோய்ச் சமையலறை ஸ்டூலைத் தூக்கினேன். நாலு காலிலும் ரப்பர் குமிழ். தரையில் மஞ்சளாக நாலு பொட்டு.

"ஸ்டூலும் ஒண்ணுக்குப் போயிருக்குது பாருங்க" என்றாள் மல்லிகா. சொல்லிவிட்டு அவளாலேயே அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் போனது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சிரிப்புக்கு நடுவே ஒரு சந்தேகம், இவள் என்னைச் சேர்த்துக்கொண்டு சிரிக்கிறாளா, பார்த்துச் சிரிக்கிறாளா என்று. இரண்டாவதுதான்.

(ரப்பரில் சேர்க்கிற ஏதோ ஒரு மருந்து மெல்ல வினைலில் இறங்கி மஞ்சளாக்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இது தெரிவதற்கு முன்பே மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. தேக்கின் வரிகள்தான் போயின.)

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேஜைக்கு அடியில் இருந்த வினைல் துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். ஆதாரம் இல்லாமல் போகக் கூடாது என்கிற புத்தி மட்டும் அப்போதும் விடவில்லை. அதோடு மிதியடியையும் சேர்த்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், காலண்டரா?" என்றார். ஆமாம் என்றேன்.

மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்த எந்த வசனமும் எனக்கு வரவில்லை. சுருளை அவர் காலடியில் விரித்து, பக்கத்தில் மிதியடியைத் திருப்பி வைத்தேன்.

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டத்தைப் பார்த்தார். மிதியடியைப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ரப்பரா?"

"ஆமாங்க மாமா. ரப்பருதான். நான்தான் முட்டாத்தனமா..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இது என் நாற்காலிகிட்ட இருந்ததா?"

"இல்லைங்க மாமா. இது என் மேஜைக்கு அடியில."

"உங்க மேஜைக்கு அடியிலயா?"

"ஆமாங்க மாமா."

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. ரயில் கிளம்பலாமா கூடாதா என்று யோசிக்கும் கார்டு போலத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, நான் அந்த டோக்கன் பெண்ணிடம் பேசிய அதே தணிந்த குரலில் கேட்டார்:

"மாப்ள, உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டுடட்டா? ரகசியமா இருக்கட்டும்."

சொன்னவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மல்லாட்டைத் தோலெல்லாம் மடியிலிருந்து உதிர்ந்தது. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க கார்டு சார், மாப்ள எதனா ஜோக்கு சொன்னாரா?" என்று கேட்டது. "மாப்ளயே ஜோக்குதாம்மா" என்றார் மாமா.

உள்ளே போனார். பையைக் கட்ட நேரமாகுமே என்று நான் வாசலில் உட்காரப் போனேன். அதற்குள் தோல்பையோடு வெளியே வந்துவிட்டார். முந்தின நாள் கொண்டுபோன பையைப் பிரிக்கவே இல்லை.

"ஜல்தியா வாங்க மாப்ள. பொண்ணு தனியா இருக்கும்" என்று கதவைப் பூட்டினார்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஜெயராமன் இருந்தாரே! மாமாவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவரிடம் முழுக் கதையையும் நானே சொல்லவேண்டியதாயிற்று. அவர் மூலமாக அது ரயில்வே காலனி முழுக்கப் போயிற்று. காலனியிலிருந்து சொந்தக்காரர்களிடம் போயிற்று. போகப் போகக் கதை சுருங்கி, மிதியடி, ரப்பர், லிட்மஸ் எல்லாம் உதிர்ந்து, கடைசியில் ஒரே ஒரு விஷயம்தான் மிச்சமானது: மாப்பிள்ளையின் மேஜைக்கு அடியில் கறை.

மகள் பிறந்து, அவளுக்குக் காது குத்தும் விசேஷத்தை விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். நான் பட்டு வேட்டியோடு, குழந்தையின் அப்பா என்கிற மிடுக்கோடு உள்ளே நுழைந்தேன். வாசலில் நான் முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர், மாமாவின் ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம், சந்தனக் கிண்ணத்தை நீட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் மல்லிகா வூட்டுக்காரரா?" என்றார். ஆமாங்க என்று பெருமையாகக் கைகூப்பினேன்.

அவர் முகத்தில் அன்பு பொங்கியது. என் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து சொன்னார்:

"மேடைக்குப் பின்னால, எடது பக்கம். கூச்சப்படாதீங்க."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு அப்போது கொஞ்சம் அவசரம்தான். திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. போனேன். திரும்பி வந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா, மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, கையில் இருந்த பச்சைத் துண்டை எடுத்து எனக்குக் கொடி போல ஆட்டினார். மண்டபமே சிரித்தது.